ஆணி அடித்த ஆறு முகங்கள்

அத்தியாயம் 5

"என் பையனுக்குத் தாடி இருக்கு, செக்ரட்டரி சார்! தாடி! அவன் படத்துக்குப் பக்கத்துல 'ஜோசலின், வயது இருபத்தேழு, நல்ல குரல்வளம், பூவேலை தெரியும்'னு அச்சடிச்சிருக்கீங்களே, கண்ணு இருக்கா உங்களுக்கு?"

"என் பொண்ணு படத்துக்குப் பக்கத்துல மட்டும் என்ன வாழுதாம்? 'எபி, ரயில்வே, உயரம் ஐந்தடி பதினொன்று, எதிர்பார்ப்பு: குடும்பப் பாங்கான பெண்'! கூடுவாஞ்சேரிக்காரங்க நாலு மணிக்கு நிச்சயம் பேச வர்றாங்க. நான் என்னத்தைச் சொல்றது?"

"தேடிக்கிட்டிருக்கோம், கிடைச்சதும் சொல்றோம்னு சொல்லுங்க!"

கிழக்குத் தாம்பரத்தில் லாசரஸ் சார் வீட்டு வாசலில், அஸ்கர் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதையும் கழற்றலாமா அல்லது இப்படியே திரும்பி ஓடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றான். எதிர்வீட்டு மாடியில் ஒரு அம்மாள் காய்ந்துபோன துணியை மூன்றாவது தடவையாக உதறிக்கொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம்.

"இன்னாக்கா இது, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா? சர்ச்சு வுட்டு ரெண்டு மணி நேரங்கூட ஆவல."

"கழட்டு" என்றாள் டெபோரா. "வாசல்ல பதினொரு ஜோடி இருக்கு. சத்தம் ரெண்டு பேரோடது. மிச்சம் ஒன்பது பேர் வேடிக்கை."

டெபோராவுக்கு இது ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் எண்ணுவாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் 'டெபோரா டிடெக்டிவ்ஸ்' என்று போர்டு மாட்டி ஒன்பது வருஷம். வருகிற கேஸெல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய விசாரணைதான்: பையன் குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, தலையில் இருப்பது சொந்த முடியா. போன மாதம் இதே லாசரஸ் சாருக்காகக் கூடுவாஞ்சேரி மாப்பிள்ளை அசரியாவை விசாரித்து, 'தங்கம். கொஞ்சம் ஜிம் பைத்தியம்' என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தாள். சொந்த முடிதான்.

அஸ்கர் அவளுடைய உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டி, வாய். வயது முப்பத்திரண்டு. வாய்க்கு வயது கிடையாது.

உள்ளே நுழைந்ததும் லாசரஸ் சார் ஒரு புத்தகத்தை டெபோரா கையில் திணித்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சர்ச்சுக்குச் செக்ரட்டரி. இன்று காலை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த, சபைக் குடும்பங்களின் விவரம் அடங்கிய டைரக்டரி அது. கடைசிப் பக்கம் பாஸ்டரம்மாவின் யோசனை. 'நம் சபையின் வரன்கள்.' இடப்பக்கம் வரிசையாக ஆறு படங்கள், ஒன்றின் கீழ் ஒன்று. வலப்பக்கம் அந்தந்தப் படத்துக்கு நேராகப் பெயர், படிப்பு, உயரம், எதிர்பார்ப்பு. யோசனை நல்லதுதான். அச்சில்தான் ஆள் மாறியிருந்தது.

"மாப்பிள்ளையோட அத்தை நம்ம சபைதான் மேடம். சர்ச் கேட்டைத் தாண்டறதுக்குள்ள இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கூடுவாஞ்சேரிக்கு அனுப்பிட்டாங்க. 'உங்க பொண்ணைப் பத்தி உங்களுக்கே சரியாத் தெரியலை போலிருக்கே'ன்னு போன் வருது! நாலு மணிக்குள்ள இதை யார் செஞ்சாங்கன்னு நான் சொல்லணும். இல்லேன்னா இந்தச் சம்பந்தம் போச்சு."

"யார் செஞ்சதா?" புஷ்பம் மிஸ் இடுப்பில் கை வைத்தார். ரிடையர்டு தலைமை ஆசிரியை. பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி. "எல்லாம் இவர் வேலைதான். என் ஆஸ்டின் பக்கத்துல இவர் பொண்ணு பேரைப் போட்டு, ஊர் வாயால முடிச்சுப் போடப் பார்க்கிறார்!"

"உங்க வீட்டுல பொண்ணு குடுக்கவா? மூணு வருஷம் முன்னால சர்ச் அசன விருந்துல எங்க வரிசைக்கு மட்டும் எலும்பா அனுப்பினவங்க நீங்க!"

"கறி தீர்ந்துபோனா நான் என்ன ஆட்டுக்குள்ளயா போய்ப் பார்க்க முடியும்?"

அஸ்கருக்கு இப்போது புரிந்தது. இது இன்றைய சண்டை இல்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய சண்டை; இன்றைக்குப் புது உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இத்தனை அமளியிலும் பேசாமல் இருந்தது ஒரே ஆள்தான். ஜோசலின். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். டீ ட்ரேயை வைத்துவிட்டு, கொண்டையில் செருகிய சிவப்புப் பேனாவோடு, மூலையில் பரீட்சைப் பேப்பர் கட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நிச்சயம் பேசப்போகிற பெண் மாதிரி இல்லை. சூப்பர்விஷன் டியூட்டிக்கு வந்த மாதிரி இருந்தாள்.

"ப்ரூஃப் யார் பார்த்தது?" என்றாள் டெபோரா.

"நான்தான். வியாழக்கிழமை இவளையும் கூட்டிக்கிட்டுப் பம்மலுக்கு நேர்ல போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியா இருந்தது. ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டேன். அந்த பிரஸ்காரன் என்னவோ புது மாதிரி, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல கோடிங் எழுதி அடிக்கிறேங்கறான். என் பொண்ணுகூட கொஸ்டின் பேப்பரை அப்படித்தான் அடிக்கிறா. பேசாம இவகிட்டயே குடுத்திருக்கணும்!"

ஜோசலின் ஒரு பேப்பரில் பெரிய பூஜ்யம் போட்டாள்.

டெபோரா அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய, இரண்டு தடவை எண்ணினாள். பிறகு புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "நாலு மணிக்கு வர்றேன் சார். புஷ்பம் மிஸ், நீங்களும் இருக்கணும்."

"நான் எதுக்கு இங்க வரணும்?"

"நீங்க எங்க போனீங்க, வர்றதுக்கு?" என்றான் அஸ்கர்.

*

பம்மல் போகிற வழியெல்லாம் அஸ்கர் தன் முடிவைச் சொல்லிக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டினான். "சிம்பிள்க்கா. பிரஸ்காரரு தூக்கக் கலக்கத்துல பேரையெல்லாம் கலைச்சு வுட்டுட்டாரு. சீட்டுக் கட்டு மாரி."

"சீட்டுக் கட்டைக் கலைச்சா அம்பத்திரண்டு அம்பத்தொண்ணா ஆகுமா?"

"ஆவாது."

"இங்க ஆறு முகம், அஞ்சு பேர். கடைசிப் படம் ஜோஸ்வின். அவன் பக்கத்துல வெறும் வெள்ளை. முதல் படம் மாளவிகா. அவ பேர் சரியா இருக்கு. ரெண்டாவதுலேர்ந்துதான் தப்பு. ஆஸ்டினுக்கு ஜோசலின் பேரு, ஜோசலினுக்கு எபி பேரு, எபிக்கு ஓவியா பேரு, ஓவியாவுக்கு ஜோஸ்வின் பேரு. கலைக்கலைடா. எல்லாரும் ஒழுங்கா ஒரு இடம் மேல ஏறியிருக்காங்க."

அஸ்கர் வண்டியை மெதுவாக்கினான். "அப்போ ஆஸ்டின் பேரு?"

"எங்கேயும் இல்ல. தாடியைப் பத்தி அவ்வளவு கத்தின புஷ்பம் மிஸ்கூட அதைப் பார்க்கல. தப்பா இருக்கிறதைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. இல்லாததை யார் எண்ணுறாங்க?"

அயூப் பாயின் பிரஸ் பம்மலில் ஒரு பழைய தோல் கிடங்கின் முன்பாதி. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரம் ஒன்றுதான் அவருக்கு விடுமுறை. செய்தி இவர்களுக்கு முன்னாலேயே அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அல்லா மேல ஆணையா நான் எதையும் தொடலை மேடம்! கையெழுத்து வாங்கின பக்கத்தை நான் திரும்பக் கண்ணெடுத்தும் பார்க்கிறதில்ல. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போயிட்டு வந்தேன், நேரா மெஷின்ல ஏத்திட்டேன்."

"முதல்ல எனக்கு ஒண்ணு விளக்குங்க பாய். பேரெல்லாம் நகர்ந்திருக்கு. படம் ஏன் நகரல?"

அயூப் பாயின் முகத்தில் கவலை போய் ஒரு ஆசிரியக் களை வந்தது. தொழிலைப் பற்றிக் கேட்டால் தூக்குமேடையிலும் விளக்குவார் போல.

"மவுஸ் புடிச்சு இழுக்கிற வேலையே நம்ம கிட்ட கிடையாது மேடம். எல்லாம் எழுத்துலயே கட்டளை. இந்த வரி தடிமனா வா, இந்த வரி நடுவுல நில்லுன்னு எழுதிட்டா, பக்கத்தை அதுவே கட்டிக்கும். எழுத்துங்கிறது பஸ் க்யூ மாதிரி. முன்னால ஒருத்தர் விலகினா பின்னால இருக்கிற அத்தனை பேரும் ஒரு அடி முன்னால வந்துடுவாங்க. ஆனா படம்?" ஒரு விரலை உயர்த்தினார். "படத்தை நான் க்யூவுல நிக்க வைக்கிறதில்ல. ஆணி அடிச்சுடுவேன். 'பக்கத்தோட மேல் விளிம்புலேர்ந்து எட்டு சென்டி, இடது விளிம்புலேர்ந்து ரெண்டு சென்டி, இங்க நில்லு'ன்னு எழுதிட்டா முடிஞ்சது. சுத்தி எழுத்து வந்தாலும் போனாலும் அதுக்குக் கவலையில்ல. பூகம்பம் வந்தாலும் நகராது."

"நம்ம தாம்பரம் ஸ்டேஷன்ல கதவாண்ட நிக்கிறவன் மாரி" என்றான் அஸ்கர். "ரயிலே போனாலும் அவன் நவுர மாட்டான்."

"ஃபைலைத் திறங்க பாய்" என்றாள் டெபோரா.

திரையில் வரி வரியாக ஓடியது. மாளவிகாவின் வரி. அடுத்து ஆஸ்டினின் வரி இருந்தது. அயூப் பாய் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"இருக்கு மேடம்! பேரு இருக்கு! ஆனா முன்னால பாருங்க, ரெண்டு சாய்கோடு. இப்படிப் போட்டா அந்த வரி ஃபைல்ல இருக்கும், அச்சுல வராது. தூங்க வைக்கிற மாதிரி. இது நான் போடல!"

சாய்கோடுகளை அவர் நீக்கியதும் திரையில் ஒவ்வொரு பெயரும் பொத்தென்று ஒரு இடம் இறங்கி, தத்தம் முகத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. எபிக்கு எபி. ஜோசலினுக்கு ஜோசலின். தாடிக்கு ஆஸ்டின்.

"கேஸ் ஓவர்!" அஸ்கர் தொடையில் தட்டினான். "ஆஸ்டினே வந்து தன் பேரைத் தூக்கிக்கிறான். கல்யாணம் புடிக்காத பையன். இன்னாக்கா, கரெக்டா?"

"ஜெய்னப்!" என்று அயூப் பாய் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை நான் தொழுகைக்குப் போனப்ப கடைக்கு யாராவது வந்தாங்களா?"

அவர் மனைவி ஜெய்னப் மாவுக் கையோடு இறங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை அந்த இரண்டு மணி நேரம் மட்டும் அவள்தான் கடை பார்த்துக்கொள்வாள். "ஆமா, ஒரு பொம்பளை வந்தாங்க. செக்ரட்டரி சார் அனுப்பினாரு, கடைசிப் பக்கத்துல ஒரு சின்னத் திருத்தம்னாங்க. ஹெல்மெட், முகத்தைச் சுத்தித் துப்பட்டா. கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. கம்ப்யூட்டர் முன்னால நாலு நிமிஷம் உக்காந்தாங்க, தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நாலு நிமிஷ வேலையில இவ்வளவு பேஜாரா?"

"பொம்பளையா?" அஸ்கரின் கேஸ் மறுபடி திறந்துகொண்டது. ஒரு நொடிதான். "அப்போ புஷ்பம் மிஸ்! பையன் கல்யாணம் ஆயி வூட்டை வுட்டுப் போயிடுவான்னு பயம். அம்மாங்க இப்படித்தான் பண்ணுவாங்க."

டெபோரா கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஜெய்னப்பின் மகள் இரம், பத்தாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை காலை இங்கே உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டு மறந்துபோன நோட்டு. கெமிஸ்ட்ரி. ஒரு சமன்பாட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில்: 'அம்புக்குறி எங்கே?' கீழே இன்னொன்றுக்கு டிக். அதற்கும் கீழே, 'கவனமாகச் செய்தால் நூறு வரும்.'

"டீச்சர் ரொம்ப அக்கறையா திருத்தியிருக்காங்களே" என்றாள் டெபோரா.

ஜெய்னப் எட்டிப் பார்த்தாள். "அது ரஃப் நோட்டுங்க. ஸ்கூலுக்கே போகாதே!"

"பாத்தியாக்கா!" அஸ்கர் குதித்தான். "ரிடையர்டு எச்.எம்.! தப்பைப் பாத்தா கை சும்மா இருக்குமா? புஷ்பம் மிஸ்ஸேதான்!"

"யாரோ ஒரு டீச்சர்ங்கிறது சரி" என்றாள் டெபோரா. "ஆனா ரெண்டு விஷயம். ஆணி அடிச்ச சங்கதி அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா படத்தையும் சேர்த்துத் தூங்க வெச்சிருப்பாங்க, யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. இன்னொண்ணு, அழிக்கல. ஒரு பட்டனைத் தட்டினா அந்த வரி போயிருக்கும். அழிக்க மனசு வரல, சாய்கோடு போட்டு மூடி வெச்சிருக்காங்க. ஆகாதவங்க பேரை நீ போர்வை போத்தியா வைப்பே?"

"ஆவாதவங்களுக்கு நான் போர்வையை மூஞ்சி வரைக்கும் போத்துவேன்."

டெபோரா அந்த ரஃப் நோட்டைக் கடன் வாங்கிக்கொண்டாள். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, வெற்றுப் பக்கத்தில் அஸ்கரை விட்டே ஒரு சமன்பாடு எழுத வைத்தாள். தண்ணீர் எப்படி உண்டாகிறது என்று. பத்தாவதில் அவன் சயின்ஸில் முப்பத்தைந்து மார்க். அதனால் தப்பாக எழுத அவனுக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

*

நாலு மணிக்கு வாசலில் பத்தொன்பது ஜோடி.

கூடுவாஞ்சேரிக்காரர்கள் சோபாவில். மாப்பிள்ளை அசரியா சட்டைக்குள் அடங்காத தோள்களோடு நடுவில். இந்தப் பக்கம் லாசரஸ் சார், முகத்தில் ஈயாடாமல். அந்தப் பக்கம் புஷ்பம் மிஸ், "எனக்கு இங்க வேலையே இல்ல" என்று சொல்லிக்கொண்டே வசதியான நாற்காலியாகப் பார்த்துப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் தாடியோடு ஆஸ்டின். அம்மாவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட வந்தவன். ஜோசலின் கேசரித் தட்டோடு நின்றாள். கொண்டையில் பூ, பூவுக்குள் சிவப்புப் பேனா.

"சொல்லுங்க மேடம்" என்றார் லாசரஸ் சார். "எங்க வீட்டு மேல தப்பில்லேன்னு சொல்லிடுங்க."

"ஒரே நிமிஷம் சார்." டெபோரா டீப்பாயின் மேல் நோட்டை விரித்து வைத்தாள். "பம்மல்ல ஒரு பொண்ணோட நோட்டு. இதை ஒரு தடவை பார்த்துட்டுக் கொடுங்க, போதும்."

புஷ்பம் மிஸ்தான் முதலில் எடுத்தார். அஸ்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், முகம் சுளித்தார், நோட்டைக் கீழே போட்டார். "கையெழுத்தா இது? கோழி கிண்டின மாதிரி. நாற்பது வருஷம் தமிழ் நடத்தினேன், இப்படி ஒரு எழுத்தைப் பார்த்ததில்ல. மத்தது எனக்குத் தெரியாது."

அஸ்கர் அவமானத்தில் கேசரியைப் பார்த்தான்.

நோட்டு ஜோசலின் பக்கம் திறந்தபடி கிடந்தது. அவள் தட்டை வைக்கக் குனிந்தாள். பார்த்தாள். நிமிர்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். ஒரு தும்மலை அடக்குகிறவளின் முகம் அது. கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று. சர்ரென்று ஒரு சிவப்பு வட்டம். முன்னால் ஒரு இரண்டு, பின்னால் ஒரு இரண்டு. பக்கத்தில்: 'அம்புக்குறி எங்கே?'

எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டெபோரா ஒரு பக்கம் முன்னால் புரட்டினாள். அதே வட்டம். அதே கேள்வி. அதே வால் நீண்ட கேள்விக்குறி.

லாசரஸ் சார் நோட்டைப் பிடுங்கி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எட்டு மாசம் ஆச்சுப்பா" என்றாள் ஜோசலின். பேனாவை மூடினாள். "நானும் ஆஸ்டினும். பதிவுத் திருமணம். சொல்லணும், சொல்லணும்னுதான் இருந்தோம். நீங்க ரெண்டு பேரும் அந்த எலும்பை விட்டுத் தொலைச்சாத்தானே!"

"தினமும் ஜெபம் பண்ணினேன், அம்மா மனசு மாறணும்னு" என்றான் ஆஸ்டின். அவனுடைய பங்களிப்பு அவ்வளவுதான்.

லாசரஸ் சார் தாடியைக் கை நீட்டிக் காட்டினார். "அப்புறம் எதுக்கும்மா அவன் பேரை...?"

"வியாழக்கிழமை ப்ரூஃப்ல பார்த்தேன்ப்பா. என் புருஷன் வரன் பக்கத்துல, 'எதிர்பார்ப்பு: சிவந்த நிறம்'னு! எவளாவது போன் பண்ணி விசாரிச்சா நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? என் கொஸ்டின் பேப்பர்ல ஒரு கேள்வியை மறைச்சா, படமும் அது கூடவே போயிடும். இவர் படத்துக்கு ஆணி அடிச்சிருப்பாங்கன்னு யார் கண்டா?"

"உன் பேரையும் எடுத்திருக்கலாமே!"

"என் பேரை நீங்க நாலு தடவை படிச்சீங்க. அவர் பேரை நீங்க படிக்கவே மாட்டீங்க."

லாசரஸ் சாரும் புஷ்பம் மிஸ்ஸும் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்று கத்தினார்கள். எதிர்வீட்டு மாடி அம்மாள் துணியையே கீழே போட்டுவிட்டாள். 'சிவந்த நிறம்' யார் எழுதியது என்று ஜோசலின் திரும்பிக் கேட்டபோதுதான் சத்தம் ஒரு பக்கமாகக் குறைந்தது. படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தது புஷ்பம் மிஸ்.

"மேடம், நீங்களாவது முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா?" லாசரஸ் சார் டெபோராவிடம் பாய்ந்தார்.

"நீங்க மாப்பிள்ளையைத்தானே சார் விசாரிக்கச் சொன்னீங்க? பொண்ணை விசாரிக்கச் சொல்லி யாரும் சொல்லலையே."

அப்போதுதான் எல்லோருக்கும் அசரியாவின் ஞாபகம் வந்தது. பாவம், பெண் பார்க்க வந்து, பெண்ணோடு அவள் புருஷனையும் பார்த்துவிட்ட பையன். அவனோ கேசரியை முடித்துவிட்டு, டைரக்டரியின் கடைசிப் பக்கத்தில் ஓவியாவின் படத்தை அத்தையிடம் காட்டி மெதுவாகக் கேட்டான்: "இவங்க நிஜமாவே தொண்ணூறு கிலோ தூக்குவாங்களா?"

அது ஜோஸ்வினின் வரி என்று சொல்ல அஸ்கர் வாயைத் திறந்தான். டெபோரா அவன் காலை மிதித்தாள்.

*

ஆஸ்டினுக்கும் ஜோசலினுக்கும் மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, சர்ச்சிலேயே மறுபடி கல்யாணம் நடந்தது. விருந்துப் பந்தியில் லாசரஸ் சார் வரிசைக்குப் புஷ்பம் மிஸ் தன் கையாலேயே கறி பரிமாறினார். சார் எலும்பை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். அசரியா ஓவியாவைக் கட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரியிலேயே இருக்கிறான். தொண்ணூறு கிலோ பொய் என்று தெரிந்தது கல்யாணத்துக்கு முந்தின வாரம். இப்போது அறுபது வரை தூக்குகிறாளாம். பேரே இல்லாமல் முகம் மட்டும் வந்த ஜோஸ்வினுக்குத்தான் ஏகப்பட்ட விசாரிப்பு, குறை சொல்ல ஒரு வரிகூட இல்லையே. கோயமுத்தூர்ப் பெண், அங்கேயே போய்விட்டான். எபிக்குக் குடும்பப் பாங்கான பெண் இன்னும் கிடைக்கவில்லை.

ஆஸ்டினும் ஜோசலினும் ஊரப்பாக்கத்தில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனார்கள். அடுத்த வருஷ டைரக்டரியை ஜோசலினே கோடிங் எழுதி அடித்துக் கொடுத்தாள். பெயர் எங்கே போனாலும் படமும் பின்னாலேயே போகிற மாதிரி, எதற்கும் ஆணி இல்லாமல், சுத்தமாக. ஒரே ஒரு படத்துக்கு மட்டும் விதிவிலக்கு என்று அயூப் பாய் ஜெய்னப்பிடம் சொல்ல, ஜெய்னப் பம்மலுக்கே சொன்னாள். குடும்பங்கள் பகுதி, முதல் பக்கம்: மேலேயிருந்து எட்டு சென்டி, இடமிருந்து இரண்டு. தாடிக்காரர் ஒருவர், பக்கத்தில் சிவப்புப் பேனா செருகிய கொண்டை.